இன்று சர்க்கார் நாற்காலி. நாளை கம்பெனி நாற்காலி!

அமெரிக்காவில் விமானப்படையின் பெரிய அதிகாரி ஒருவர் ஜெயிலுக்குப் போனார். அவர் ஒரு பெண்மணி. பெயர், டார்லீன் டுருயன்.

அவர் கஜானாவை உடைக்கவில்லை. பெட்டி நிறைய லஞ்சப் பணம் வாங்கினார் என்றும் அவர் மீது வழக்கு இல்லை.

பின், அவர் செய்த குற்றம் என்ன?

சர்க்காருக்காக ஒரு கம்பெனியுடன் பேரம் பேசிக் கொண்டிருந்தார். அந்தப் பேரம் முடிவதற்குள், அதே கம்பெனியில் தமக்கு ஒரு வேலையும் பேசி முடித்தார்.

"இது ஒரு குற்றமா?" என்று சிலர் கேட்கலாம். குற்றந்தான். அது ஏன் குற்றம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்வது நல்லது. ஏனென்றால், இப்படிப்பட்ட பேரங்களில் கைமாறுவது மக்கள் கட்டிய வரிப்பணம்.

கறாரான அம்மையார்

டுருயன் அம்மையார் சாதாரண அதிகாரி அல்ல. அமெரிக்க விமானப்படைக்கு விமானம் முதலிய தளவாடங்கள் வாங்கும் இலாகாவில், 1993 முதல் 2002 வரை மிக உயர்ந்த பதவியில் இருந்தவர். அவர் கையெழுத்துப் போட்டால் கோடிக்கணக்கான டாலர் நகரும்.

பேரம் பேசுவதில் அவர் மிகவும் கறாரானவர் என்று பெயர் எடுத்திருந்தார். அவருக்கு 'டிராகன் சீமாட்டி' என்று பட்டப் பெயரே உண்டு. டிராகன் என்பது நெருப்பைக் கக்குவதாகக் கதைகளில் வரும் விலங்கு. கம்பெனிக்காரர்கள் அவர் முன் உட்காரவே அஞ்சுவார்களாம்.

அப்படிப்பட்டவர் எப்படி வழுக்கினார்?

மருமகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று

வழுக்கல் 2000-ம் ஆண்டிலேயே தொடங்கி விட்டது.

போயிங் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய விமானக் கம்பெனி. விமானப்படைக்கு ஏராளமான விமானங்களை விற்கும் கம்பெனி. அதாவது, டுருயன் அம்மையாரின் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் கம்பெனி.

தம் மகளை மணக்க இருந்தவருக்கு வேலை வேண்டும் என்று அந்தக் கம்பெனியிடம் அம்மையார் கேட்டார். வேலை கிடைத்தது. பிறகு மகளுக்கும் கேட்டார். அதுவும் கிடைத்தது.

வேலை கேட்டவர் சாதாரணத் தாயாக இருந்திருந்தால், அது ஒரு சிபாரிசு. ஆனால் கேட்டவர், அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிற இடத்தில் இருந்தவர். அவர் கேட்டால், "இல்லை" என்று சொல்லும் துணிவு எந்தக் கம்பெனிக்கு வரும்?

விமான நிலையத்தில் ஒரு சந்திப்பு

அப்போது அமெரிக்க விமானப்படை ஒரு பெரிய பேரத்தில் இறங்கியிருந்தது.

போர் விமானங்களுக்கு வானத்திலேயே எரி எண்ணெய் நிரப்பும் விமானங்கள் உண்டு. அமெரிக்காவிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை 1950-களிலும் 1960-களிலும் செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பதிலாக 100 புதிய விமானங்களைப் போயிங் கம்பெனியிடமிருந்து பெறுவது என்று திட்டம். மொத்தச் செலவு 2,000 கோடி டாலருக்கு மேல்.

சர்க்கார் சார்பில் விலை பேசியவர் டுருயன் அம்மையார்.

2002 செப்டம்பர் மாதம். அம்மையார் ஓய்வு பெறும் நேரம் நெருங்கியது. போயிங் கம்பெனியில் பண விவகாரங்களுக்குத் தலைவராக இருந்தவர் மைக்கேல் சியர்ஸ். அம்மையாரின் மகள், "அம்மா ஓய்வு பெறப் போகிறார்" என்று சியர்ஸுக்குக் கடிதம் எழுதினார். போயிங்கில் அவருக்கு விருப்பம் உண்டு என்பதும் அந்தக் கடிதப் போக்குவரத்தில் தெரிந்தது.

2002 அக்டோபர் 17-ந் தேதி சியர்ஸும் அம்மையாரும் ஆர்லண்டோ நகர விமான நிலையத்தில் ஓர் அறையில் தனியே சந்தித்தார்கள். வேலை, ஊர், சம்பளம் எல்லாம் பேசப்பட்டன. மறுநாள் சியர்ஸ் தம் கம்பெனி மேலிடத்துக்கு எழுதியபோது, அதை 'நடக்காத சந்திப்பு' என்று குறிப்பிட்டார்! நடந்த சந்திப்புக்கு அப்படிப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? தாங்கள் செய்வது சரியல்ல என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

"போயிங் சம்பந்தமான காரியங்களிலிருந்து விலகிக் கொள்கிறேன்" என்று அம்மையார் தம் இலாகாவுக்கு எழுதிக் கொடுத்தது நவம்பர் 5-ந் தேதி. ஆர்லண்டோ சந்திப்பு நடந்து 19 நாட்கள் கழித்து!

2003 ஜனவரியில் அவர் போயிங்கில் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர். சேருவதற்கு வெகுமதியாக 50 ஆயிரம் டாலர்.

குட்டு வெளிப்பட்டது

எண்ணெய் விமானப் பேரம் அமெரிக்கப் பார்லிமெண்டில் பெரிய புயலைக் கிளப்பியது. மெக்கெய்ன் என்ற செனட்டர் விடாமல் கேள்வி கேட்டார். "விலை அதிகம்" என்றார். கடிதங்களைக் காட்டுங்கள் என்றார்.

போயிங் கம்பெனி வெளி வக்கீல்களை வைத்து விசாரணை நடத்தியது. பழைய கடிதங்கள் வெளியே வந்தன. 2003 நவம்பர் 24-ந் தேதி டுருயன், சியர்ஸ் இருவரையும் கம்பெனி வேலையிலிருந்து நீக்கியது. ஒரு வாரத்தில் கம்பெனியின் தலைவர் காண்டிட் ராஜினாமா செய்தார்.

2004 ஏப்ரலில் அம்மையார் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார். ஆனாலும், "வேலை பேசியது உண்மை, அதனால் சர்க்காருக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்று சாதித்தார். பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியால் அவரைச் சோதித்தார்கள். அதில் அவர் தேறவில்லை. அதன் பிறகுதான் உண்மை முழுவதும் வந்தது.

அவர் ஒப்புக் கொண்டவை இவை:

எண்ணெய் விமானங்களுக்கு, நியாயம் என்று தமக்குத் தோன்றியதை விட அதிக விலைக்குச் சம்மதித்தார். தாம் விடைபெறும்போது போயிங்குக்குக் கொடுக்கும் பரிசாக அதைக் கருதினார்.

2000-ல், மருமகனுக்கு வேலை தேடிய நேரத்தில், ஒரு தகராறைத் தீர்க்கப் போயிங்குக்கு 41 கோடி 20 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தார்.

2001-ல், 400 கோடி டாலர் வேலை ஒன்றை மற்றக் கம்பெனிகளை ஒதுக்கிவிட்டுப் போயிங்குக்குக் கொடுத்தார். மகளுக்கும் மருமகனுக்கும் வேலை கொடுத்ததற்கு நன்றிக் கடன் மனத்தில் இருந்தது.

2002-ல், இன்னொரு பேரத்தில் 10 கோடி டாலருக்குச் சம்மதித்தார். அதுவும் அதிகம் என்று அவருக்கே தெரியும்.

2004 அக்டோபர் 1-ந் தேதி தீர்ப்பு வந்தது. அம்மையாருக்கு 9 மாதம் ஜெயில், 5 ஆயிரம் டாலர் அபராதம். பின்னர் சியர்ஸுக்கு 4 மாதம் ஜெயில், 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம். 2006-ல் போயிங் கம்பெனி, இந்த விவகாரத்தையும் இன்னொரு விவகாரத்தையும் சேர்த்துத் தீர்த்துக் கொள்ள சர்க்காருக்கு 61 கோடி 50 லட்சம் டாலர் கட்டியது.

நஷ்டம் யாருக்கு?

எண்ணெய் விமானப் பேரம் ரத்தாயிற்று. மறுபடி டெண்டர், மறுபடி தகராறு என்று காலம் ஓடியது. 2008-ல் ஒருவருக்குக் கிடைத்த காண்டிராக்டு நிற்கவில்லை. 2011-ல் போயிங்குக்கே கிடைத்தது. முதல் விமானம் விமானப்படையின் கைக்கு வந்தது 2019 ஜனவரியில்!

அத்தனை ஆண்டுகளும் விமானிகள் பழைய விமானங்களிலேயே எண்ணெய் சுமந்து பறந்தார்கள். அவர்களுக்கு இந்த விவகாரத்தில் என்ன பங்கு? ஒன்றுமில்லை. ஆனால் அதன் பலனை அவர்களும் அனுபவித்தார்கள்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அம்மையார் முன்பு கையெழுத்திட்ட மற்றக் காண்டிராக்டுகளையும் தோண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அவருடன் நேர்மையாக வேலை பார்த்தவர்களின் உழைப்பின் மீதும் சந்தேக நிழல் விழுந்தது. போட்டியில் தோற்ற கம்பெனிகள், "திறமைக் குறைவால் தோற்றோமா, மகளுக்கு வேலை கொடுக்காததால் தோற்றோமா?" என்று கேட்டன. அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியும்?

பரீட்சைத் தாள் திருத்தும் தகப்பன்

லஞ்சத்துக்குத்தான் சட்டம் இருக்கிறதே, இதற்கு வேறு தனிச் சட்டம் எதற்கு?

ஒரு பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். மகன் பரீட்சை எழுதுகிறான். அவனுடைய தாளைத் திருத்துகிற வாத்தியார், அவன் தகப்பன்.

தகப்பன் பாசத்தால் ஐந்து மார்க்கு கூடப் போடலாம். அது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம். அல்லது தகப்பன் மிகவும் யோக்கியராக இருக்கலாம். ஊர் பேசுமே என்று பயந்து ஐந்து மார்க்கு குறைத்துப் போடலாம். அது மகனுக்கு அநியாயம். சரியான மார்க்கே போட்டாலும் யாரும் நம்பப் போவதில்லை.

ஆகவே, தகப்பன் நல்லவரா, கெட்டவரா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. அந்தத் தாள் அவர் கைக்குப் போகக் கூடாது. வேறு வாத்தியார் திருத்த வேண்டும். அவ்வளவுதான்.

லஞ்சச் சட்டம் திருட்டு நடந்த பிறகு வருகிற போலீஸ். இந்தச் சட்டம் முன்கூட்டியே போடுகிற வேலி.

அமெரிக்கச் சட்டத்தில் இருப்பது

1962-ல் ஜனாதிபதி கென்னடி காலத்தில், பழைய சட்டங்களைத் திரட்டி ஒழுங்கான சட்டம் செய்தார்கள். அதன் சாரம் இதுதான்:

பதவியில் இருப்பவர், தமக்கோ தம் கணவன் அல்லது மனைவிக்கோ, வயது வராத பிள்ளைக்கோ பண லாபம் உள்ள காரியத்தைச் சர்க்கார் சார்பில் கவனிக்கக் கூடாது. தாம் வேலைக்குப் பேசிக் கொண்டிருக்கும் கம்பெனியின் காரியத்தையும் கவனிக்கக் கூடாது. டுருயன் அம்மையார் மீறியது இதைத்தான்.

பதவியை விட்டவருக்கும் கட்டு உண்டு. தாமே நேரில் கவனித்த ஒரு காண்டிராக்டு விஷயமாக, பிறகு கம்பெனியின் ஆளாக வந்து சர்க்காரிடம் வாதாடக் கூடாது. இந்தத் தடை ஆயுள் முழுவதும். தம் அதிகாரத்தின் கீழ் நடந்த மற்றக் காரியங்களுக்கு 2 ஆண்டுத் தடை. மிகப் பெரிய பதவி வகித்தவர்கள், தங்கள் பழைய இலாகாவிடம் எந்தச் சிபாரிசுக்கும் குறிப்பிட்ட காலம் வரை போகக் கூடாது.

வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1978-ல் இன்னொரு சட்டம் வந்தது. பெரிய அதிகாரிகள் சொத்துக் கணக்கைப் பகிரங்கமாகக் காட்ட வேண்டும் என்று அது கூறியது.

கம்பெனியிலிருந்து சர்க்காருக்கு வருகிறவர்களுக்கும் இதே நியாயந்தான். 1953-ல் சார்லஸ் வில்ஸன் என்பவர் ராணுவ மந்திரியாக நியமிக்கப்பட்டார். அவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அந்தக் கம்பெனி ராணுவத்துக்கு வண்டிகள் விற்றது. அவரிடம் லட்சக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள பங்குகள் இருந்தன. "நாட்டுக்கு நல்லது கம்பெனிக்கும் நல்லதுதானே!" என்ற கருத்தில் அவர் பேசினார். செனட் சபை ஒப்பவில்லை. பங்குகளை விற்பதாகச் சம்மதித்த பிறகே பதவி கிடைத்தது.

இந்தியாவில் என்ன விதி?

இந்தியாவிலும் விதிகள் உண்டு. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு 1964-ல் வந்த நடத்தை விதிகள், குடும்பத்தை மறக்கவில்லை.

உயர்ந்த வகுப்பு அதிகாரி ஒருவர் ஒரு கம்பெனியுடன் சர்க்கார் காரியமாகத் தொடர்பு வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனியில் அவருடைய மகனோ மகளோ வேலைக்குச் சேர வேண்டுமானால், முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தார் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அவரே காண்டிராக்டு கொடுக்கக் கூடாது. அந்தக் காகிதத்தை மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

பென்ஷன் வாங்கும் உயர்ந்த வகுப்பு அதிகாரி, ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் வியாபாரக் கம்பெனியில் வேலை ஏற்க வேண்டுமானால், சர்க்காரின் அனுமதி தேவை.

மந்திரிகளுக்கும் ஒரு நடத்தை விதித் தொகுப்பு இருக்கிறது. பதவி ஏற்குமுன் சொத்து விவரம் கொடுக்க வேண்டும்; வியாபாரத் தொடர்பை விட்டுவிட வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் அது சட்டம் அல்ல. மீறினால் ஜெயில் என்று அதில் இல்லை. அதிகாரிக்கு ஓராண்டுக் கட்டு இருக்கிறது. பதவி இழந்த மந்திரி மறுநாளே ஒரு கம்பெனிக்கு ஆலோசகர் ஆவதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

குமாஸ்தா ஓர் அன்பளிப்பு வாங்கினால் விளக்கம் கேட்கும் நாட்டில், மேலே உள்ளவர்களுக்குக் கட்டு தளர்வாக இருப்பது நியாயம் ஆகாது.

சிலர் கேட்கும் கேள்விகள்

"60 வயதில் ஓய்வு பெறுகிறவர் சும்மா உட்கார வேண்டுமா? அவருடைய திறமை நாட்டுக்குப் பயன்பட வேண்டாமா?"

நல்ல கேள்வி. ஓய்வு பெற்றவர் வேலை செய்யலாம். பாடம் சொல்லிக் கொடுக்கலாம். புத்தகம் எழுதலாம். தம் இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத கம்பெனியில் சேரலாம். நேற்று வரை தாம் லைசென்ஸ் கொடுத்த கம்பெனியில், இன்று காலையே போய் உட்காருவதுதான் தவறு. ஓராண்டு பொறுப்பது பெரிய தண்டனை அல்ல. அந்த ஓராண்டில் பழைய ரகசியங்கள் பழசாகிவிடும். பழைய சிநேகிதர்களின் பிடியும் தளரும்.

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்று இன்னும் சிலர் சிரித்துக் கொண்டே சொல்வார்கள்.

இந்தப் பழமொழியால் நாட்டுக்கு வந்த கேடு கொஞ்சமல்ல! தேன் எடுத்தவனுக்குக் கூலி உண்டு. சர்க்கார் சம்பளம் உண்டு; பென்ஷன் உண்டு. புறங்கையில் ஒட்டுவது ஊராரின் தேன்.

"விதிதான் இருக்கிறதே, பிறகு என்ன?" என்பது மூன்றாவது கேள்வி. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. டுருயன் அம்மையாருக்கும் விதி தெரியும். அமெரிக்காவில் சட்டமும் இருந்தது. விலகல் கடிதம் கூட எழுதினார். காலம் கடந்து எழுதினார். அவரைப் பிடித்தது வெறும் காகிதம் அல்ல. கேள்வி கேட்ட செனட்டரும், வெளியே வந்த கடிதங்களுமே பிடித்துக் கொடுத்தன.

செய்ய வேண்டியவை

ஓய்வு பெற்ற அதிகாரிக்குக் கம்பெனி வேலை ஏற்க அனுமதி கொடுத்தால், யாருக்கு, எந்தக் கம்பெனியில், எந்தக் காரணத்தால் என்று சர்க்கார் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். கதவு மூடிய அறையில் கொடுக்கும் அனுமதி, மூடிய அறையிலேயே கெட்டுப் போகும்.

மந்திரிகளுக்கு உள்ள நடத்தை விதிகள் சட்டமாக வேண்டும். பதவி விட்ட பிறகு அவர்களுக்கும் காத்திருக்கும் காலம் வேண்டும்.

தவறு செய்கிற அதிகாரியை மட்டும் தண்டித்தால் போதாது. ஆசை காட்டிய கம்பெனியும் பணம் கட்ட வேண்டும். போயிங் கம்பெனி 61 கோடி 50 லட்சம் டாலர் கட்டியது மற்றக் கம்பெனிகளுக்கும் பாடம்.

"இந்தக் காரியத்தில் என் உறவினர் சம்பந்தப்பட்டிருக்கிறார், வேறொருவரிடம் கொடுங்கள்" என்று சொல்லும் அதிகாரியை இலாகா மதிக்க வேண்டும். வேலைக்குப் பயந்து நழுவுகிறார் என்று கேலி பேசக் கூடாது.

வீட்டுக்கும் பங்கு உண்டு

இந்தக் கதையில் ஒரு குடும்பம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று நினைக்காத தாய் உலகில் இல்லை. ஆசை தவறல்ல. தம்மிடம் காண்டிராக்டு எதிர்பார்த்து நிற்பவனிடம் போய்க் கேட்டதுதான் தவறு.

அதிகாரியின் வீட்டில் தீபாவளிக்கு முன்னால் பழக்கூடை வருகிறது. "யார் அனுப்பினார்கள்? அவருக்கு உங்களிடம் என்ன காரியம்?" என்று மனைவி ஒரு வார்த்தை கேட்டால் போதும். மகனைத் தேடி ஒரு கம்பெனி வேலை வருகிறது. "அப்பா, இந்தக் கம்பெனியின் பைல் உங்கள் மேஜையில் இருக்கிறதா?" என்று மகன் கேட்டால் போதும். சட்டம் வருவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு காவல் நிற்கும்.

டுருயன் அம்மையார் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் சம்பாதித்த பெயர், சில மாதங்களில் போய்விட்டது. "இந்தக் கம்பெனி விஷயத்திலிருந்து விலகிக் கொள்கிறேன்" என்ற கடிதத்தை, மகளுக்கு வேலை கேட்பதற்கு முன்பே அவர் எழுதியிருக்கலாம். தமக்கு வேலை பேசுவதற்கு முன்பாவது எழுதியிருக்கலாம்.

அதை எழுதக் கால் மணி நேரம் போதும். அவர் ஜெயிலில் இருக்க நேர்ந்ததோ ஒன்பது மாதம்.